வேண்டாம் என்று சொல்லும் நரம்பு

இங்கே எனக்குச் சம்பளம் கண்ணாடி உடைப்பதற்கு. ஊரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். காலையில் நிலவறைக்குள் நுழைந்து, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, தடித்த கண்ணாடியில் கீறல் போட்டு இடுக்கியால் மெல்ல அழுத்துவேன். டக்கென்று முக்கோணமாக முறியும். முறிந்த விளிம்பு நல்லபடியாக அமைந்தால் அதுதான் கத்தி. எந்தக் கொல்லனாலும் அப்படியொரு கூர்மையைத் தீட்டிவிட முடியாது. அமையாவிட்டால் வாளியில் போட்டுவிட்டு அடுத்ததை உடைக்க வேண்டியதுதான். இங்கிலாந்தின் வடக்கே ஒரு துறைமுகப் பட்டணம் இது. கப்பல் சமையல்கட்டில் வேலை பார்த்து வந்து, இங்கே கரையிறங்கிய, குமரிக் கடற்கரையின் கடியப்பட்டணத்துக்காரன் நான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். பல்கலைக்கழகத்தில் தரை துடைக்கச் சேர்த்தார்கள். கை நடுங்காத ஆள் என்று கண்டு இந்த வேலைக்கு மாற்றினார்கள்.

வெட்டுவது பூனையின் மூளையை. அதன் மேலடுக்கிலிருந்து எடுத்த துணுக்கைப் பிளாஸ்டிக்கில் உறையவைத்துக் கொடுப்பார் மிஸ் ஹார்ட்லி, எங்கள் ஆராய்ச்சிக்கூடத்து அம்மாள். நான் வெட்டும் சீவல் தண்ணீரில் மிதக்கும். வெள்ளி நிறம் காட்டினால் போதிய மெலிசு. அதை எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் என்னும், ஆளைவிட உயரமான கருவிக்குள் வைத்துப் படம் பிடிப்பார். நரம்பணுக்களில் சில அடுத்ததைத் தொட்டு 'ஓடு' என்கின்றனவாம். சில தொட்டு 'வேண்டாம், நில்' என்கின்றனவாம். அந்த இரண்டாம் வகை யாரைத் தொடுகிறது, எங்கே தொடுகிறது என்று வரைபடம் போட வேண்டும் என்பது அவர் ஆசை. நிறுத்துகிறவை சரியாக வேலை செய்யாவிட்டால் அணுக்கள் எல்லாம் சேர்ந்து கத்தத் தொடங்கிவிடும், வலிப்பு வருவது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒருநாள் தேநீர் நேரத்தில் சொன்னார். என் கையிலிருந்த பிஸ்கட் தேநீருக்குள் விழுந்துவிட்டது.

என் தங்கை செலினுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மிஷன் ஆஸ்பத்திரி மாத்திரையால் குறைந்ததே தவிர நிற்கவில்லை. விழுந்தால் யாராவது ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். விழாத நாட்களில் ஊரே சேர்ந்து அவளைப் பிடித்து வைத்திருந்தது. கிணற்றடிக்குப் போகாதே, அடுப்பங்கரையில் நிற்காதே, திருவிழாக் கூட்டத்துக்கு வராதே. எல்லாம் பாசத்தில் சொன்னதுதான். நானும் சொல்லியிருக்கிறேன். போனமுறை நான் ஊருக்குப் போயிருந்தபோது, கருவாடு வாங்கி அருமனைச் சந்தையில் விற்கும் சூசை அவளைப் பெண் கேட்டு வந்தார். அம்மைக்குச் சம்மதமில்லை.

"கெட்டிக் குடுத்த வீட்டுல போயி விழுந்தா, ஒன்ன யாருட்டி தூக்குவா?" என்றாள் அம்மை.

"நான் விழுந்ததக் கண்டுட்டுதானேம்மா அவரு கேக்க வந்தாரு" என்றாள் செலின்.

அம்மை என் பக்கம் திரும்பினாள். "நீ மூளைக்க ஆஸ்பத்திரியில இருக்க ஆளுல்லா மக்கா. நீ சொல்லு. நீ சரின்னா சரி."

சூசையும் முற்றத்தில் நின்று என் வாயையே பார்த்தார். நான் ஆஸ்பத்திரியில் இல்லை, கண்ணாடிதான் உடைக்கிறேன் என்று எத்தனை முறை சொன்னாலும், கப்பலேறிப் போனவன் சொன்னால் அது தன்னடக்கம் என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். அன்று சாயங்காலம் மணலில் காயப்போட்ட நெத்தலியைக் காக்கை கொத்தாமல் பார்த்துக்கொண்டு செலின் இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, மிஸ் ஹார்ட்லி சொன்னதை எனக்குப் புரிந்த அளவுக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"அப்போ எனக்க தலைக்குள்ள வேண்டாம்னு சொல்லுத ஆளு கொறவு" என்றாள். "அதுக்குச் சேத்து வெளிய உண்டும்லா அண்ணா, வேண்டிய மட்டும்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டு, ஒரு காக்கையை நோக்கி மணலை அள்ளி வீசினாள். மிஸ் ஹார்ட்லியின் படம் வரட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அம்மையிடம் சொல்லிக் கப்பலேறினேன். சூசை காத்திருப்பதாகச் சொன்னார்.

படம் வந்தது. ஈரம் காயாத தாளில் கறுப்பும் சாம்பலுமாக, ஒன்றையொன்று ஒட்டி நெருக்கும் வளையங்கள். எது 'ஓடு', எது 'நில்' என்று கேட்டேன். மிஸ் ஹார்ட்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியாது, ஆன்டனி. பார்வைக்கு என்னால் பிரிக்க முடியவில்லை. எத்தனை வருஷம் ஆகுமோ." நான் செலினைப் பற்றிச் சொன்னேன். அம்மை, சூசை, என் ஒரு சொல்லுக்காக நிற்கும் கல்யாணம், எல்லாம். கேட்டு முடித்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்: "ஆனால் இது ஒரு பூனை."

கேலி செய்கிறாரோ என்று முதலில் சுருக்கென்றது. ஊர் டாக்டரானால் எல்லாம் சரியாகும் என்று தோளில் தட்டியிருப்பார். பொய்யென்று தெரிந்தும் அதை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். இங்கே கையில் இல்லாததைக் கொடுக்க மாட்டார்கள். இந்த ஊர்க் கருணை அப்படி. மழைத்தூறலில் வீட்டுக்கு நடக்கும்போது, படம் வரட்டும் என்று நான் சொன்னதும் ஒரு வேண்டாம்தானே என்று தோன்றியது. கோட்டுப் போட்ட வேண்டாம். விழுவாளா என்பதற்கு எந்தப் படத்திலும் பதில் இல்லை. விழுந்தால் யார் தூக்குவார் என்ற அம்மையின் கேள்விக்கோ, முற்றத்தில் ஒரு மனிதர் பதிலாகவே நின்றிருந்தார். அப்படியே திரும்பித் தபாலாபீசுக்குப் போனேன். 'கெட்டிக் கொடுங்கள். விழுந்தால் சூசை தூக்குவார்' என்று இங்கிலீஷில் தந்தி. 'விழுந்தால்' என்ற சொல் சரிதானா, கல்யாண வாழ்த்தா இது என்று அங்கிருந்த பெண் கவலையோடு கேட்டாள். சரிதான் என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்குமுன் கல்யாணம் முடிந்தது. எங்கள் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த அதே மாதம். எனக்கு லீவு இல்லை. பிறகு புகைப்படம் வந்தது. வேலையிடத்துக்குக் கொண்டுபோய் மிஸ் ஹார்ட்லியிடம் காட்டினேன். கடற்கரையில் எடுத்த படம். செலின், அம்மை, சூசை. நடுவே ஒரு நாற்காலி. அதன் முதுகில் நான் ஊரில் விட்டுவந்த வெள்ளைச் சட்டையை மாட்டியிருந்தார்கள்.

அவர் முகம் மாறியது. "ஐ ஆம் ஸாரி" என்றார். "இறந்துபோனது உங்கள் அப்பாவா?"

"இல்லை, அது நான்தான்" என்றேன்.

அவர் என்னையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது. கடற்காற்றில் கைகள் இரண்டும் உப்பிக் கடலைப் பார்த்துக் கிளம்பி நிற்க, சூசை தோளில் கைவைத்து அந்தச் சட்டையை நாற்காலியோடு அழுத்திப் பிடித்திருந்தார்.