மேல்கடவு

மலையிறங்கி வரும் கோதையாறு எங்கள் ஊரில் சற்று அகன்று ஓடும். ஆற்றில் இறங்கும் துறையைக் கடவு என்போம். இடுப்பளவு நீர் ஓடும் மேல்கடவு மேல்சாதிக்காரர்களுக்கு, ஆழமான கீழ்கடவு எங்களுக்கு. எங்களவர்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கியபின் மேல்கடவிலும் உரிமை கேட்டார்கள். அதிலிருந்து மண்டை உடையாத வருஷமே இல்லை. அப்பாவின் நெற்றியிலும் ஒரு தழும்பு உண்டு.

ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறங்கிக்கொள்ளலாம் என்று சலுகை தந்தார்கள். அப்பாவுக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. உரிமை என்று ஒப்புக்கொள்ளும்வரை அங்கே கால் நனைப்பதில்லை என்று சபையார் அனைவரையும் சத்தியம் செய்யவைத்தார். கேட்ட இடத்துக்கே போகமாட்டோம் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

அடுத்து வந்த சண்டையில், கீழ்கடவில் நாங்கள் ஆறு கடக்கும் தோணியை உடைத்துப்போட்டார்கள். அந்த வாரம்தான் அக்காவுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, அக்கரைக்குக் கடந்து நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். அக்காவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தோம்.

மேல்கடவில் காவல் நின்றவர் கட்டிலைப் பார்த்ததும் விலகினார். "இன்னைக்கு மட்டும் போங்க."

அப்பா அசையவில்லை. "இன்னைக்கு மட்டும்ணா வேண்டாம். உரிமைண்ணு சொல்லட்டு, போவோம். இல்லேண்ணா பாலத்தைச் சுத்திப் போவலாம்."

பாலம் வெகுதூரத்தில் இருந்தது. அக்காவுக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. அப்பாவை நான் வெறுத்தது அந்த ஒரு நேரம்தான்.

"உங்க வாசிக்கும் வீம்புக்கும் எனக்க பிள்ளையக் குடுக்கணுமா?" என்றாள் அம்மை. கட்டிலின் முன்காலைத் தானே பிடித்தாள். "தூக்குங்க மக்கா." தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

அப்பா பாலத்தைச் சுற்றி நடந்து, மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு வந்தார். அக்கா பிழைத்திருந்தாள், ஆண்பிள்ளை. அவர் நீட்டிய கைகளில் அம்மை பிள்ளையைக் கொடுக்கவில்லை.

சில வருஷம் கழித்து மேல்கடவில் எல்லோருக்கும் உரிமை என்றானது. அன்று ஊரே தண்ணீரில் கிடந்தது. அப்பா மட்டும் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார். முதலில் அவனை இறக்கிவிடப் போனார்.

"அவன் வயித்துக்குள்ள இருக்கும்பமே இதுல கடந்தவன்," என்றாள் அம்மை, இடுப்பளவு நீரில் நின்றபடி. "நீங்க வாங்க."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார்.