நான் வாங்காத டிராக்டர்

ஜெராக்ஸ் கடைத் தொழிலில் ஒரு நிம்மதி உண்டு: ஊரில் யாருக்கு என்ன வழக்கு என்று நமக்குத் தெரியும், நமக்கு வழக்கு கிடையாது. பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்கு எதிரே கடை போட்ட நாளிலிருந்து அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடன் கேட்டுப் போன இடத்தில் மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்து முகம் மாறியதைக் கண்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மேனேஜர் கேட்ட கேள்வி

மகள் நஸ்ரினுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்தது. கல்விக் கடனுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு இருவரும் மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். “பாய், டிராக்டர் வச்சிருக்கீங்களா?” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

என் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஒரு டிராக்டர் கடன் இருந்தது. என் பெயர், என் பான் நம்பர். ஏதோ ஒரு பைனான்ஸ் கம்பெனி. சில தவணை கட்டியதோடு நின்றுபோயிருந்தது. கடன் வாங்கியதாகச் சொன்ன வருஷம் நான் சவூதியில், தம்மாமில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

“நீங்க சொல்லுதத நான் நம்புதேன் பாய். இது நம்பாதுல்லா.”

பைக்கில் வந்தவர்கள்

பேங்கில் நான் எழுதிக் கொடுத்த புதுப் போன் நம்பரும் கடை விலாசமும் அந்த ரிப்போர்ட்டில் ஏறிவிட்டன என்று பிற்பாடுதான் தெரிந்தது. அதுவரை என்னைக் கண்டுபிடிக்க முடியாதவர்களுக்கு நானே வழி காட்டியிருக்கிறேன். அந்த வாரமே பைனான்ஸ் கம்பெனியின் வசூல் ஆட்கள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள்.

“டிராக்டர எங்கன வே ஒளிச்சு வச்சிருக்கீரு?” என்றான் ஒருவன். பிரதி எடுக்க நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாங்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டே மிஷினை நிறுத்தினேன். மற்றவன் சத்தமே போடவில்லை. மேஜையில் கிடந்த மகளின் அட்மிஷன் கடிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தான்.

“நல்ல காலேஜுதான். அங்கன போயும் கேக்கலாம்லா?”

எதிரே கோர்ட், இருந்தும் வக்கீல் இல்லை

மறுநாளே மகளை உடன்குடியில் கொழுந்தியா வீட்டுக்கு அனுப்பினேன். அதன்பிறகு கடை வாசலில் எந்த பைக் நின்றாலும் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன்.

கோர்ட்டுக்கு எதிரே இருப்பவனுக்கு வக்கீலுக்கா பஞ்சம் என்பீர்கள். நில வழக்குப் பார்க்கிறவர், “பட்டா இருந்தா கொண்டா பாய்” என்று போய்விட்டார். கிரிமினல் வக்கீல், “போலீசு உம்மையும்தான் விசாரிக்கும்” என்று இருந்த தைரியத்தையும் வாங்கிக்கொண்டார். மூன்றாமவர் மட்டும் உட்காரச் சொன்னார். அரை மணி நேரம் பேசினார். நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்காரி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்ததும் நான் வீட்டில் வந்து சொன்ன அந்தப் பேச்சைக் கேட்டுத்தான். அவர் கடைசியாகச் சொன்னது இது:

“பாதியக் கட்டி முடிச்சிரும். ஒமக்கு மக படிப்பு முக்கியமா, நியாயம் முக்கியமா?”

தச்சநல்லூர் வக்கீலம்மா

சங்கிலி சட்டைப்பையில் இருந்தது. அன்று ஜெபசெல்வி அம்மா பிரதி எடுக்க வந்தார்கள். தச்சநல்லூர்க்காரர், நுகர்வோர் கோர்ட்டு வழக்குகள்தான் பார்ப்பார்கள். அவர்கள் தாளைப் பின்பக்கம் திருப்பி வைத்து வெள்ளைத் தாளாகவே எடுத்துக் கொடுத்தேன். “என்ன பாய், உடம்புக்கு முடியலையா?” என்றார்கள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“கட்டிராதீங்க. கட்டினா நீங்க வாங்கினதா ஆயிரும்” என்றார்கள். எழுத்தில் புகார் கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். கம்பெனிக்குப் போன் போட்டு நான் கத்தியதோடு சரி. அன்றே ரிப்போர்ட் தயாரிக்கிற கம்பெனிக்கும் பைனான்ஸ் கம்பெனிக்கும் புகார் போனது, கடன் பைலின் நகலும் கேட்டு. கடை தேடி வந்து மிரட்டியதற்குப் போலீசில் தனி மனு. பீஸ் எவ்வளவு என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“அத பைய பேசுவோம். மொதல்ல அந்தப் பயலுவ வந்த தேதி, நேரம், சொன்ன வார்த்தை, எல்லாத்தையும் எழுதுங்க. நீங்க பயந்ததையும் எழுதுங்க.”

என் கையெழுத்து

பைல் நகல் வந்தது. அதில் என் பான் கார்டு பிரதி, அதன் கீழே என் கையெழுத்து. போலி இல்லை, என்னுடையதேதான். உண்மையிலேயே நாம்தான் வாங்கித் தொலைத்தோமோ என்று ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்தது. வக்கீலம்மா என்னைப் பொய்யன் என்று நினைத்துவிட்டால் வேறு யாரிடம் போவேன்?

அவர்கள் அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டினார்கள். கடன் பத்திரத்தில் இருந்தது வேறு யாரோ கிறுக்கிய கையெழுத்து. பான் பிரதி, சவூதி போகுமுன் சிம் கார்டுக்கோ எதற்கோ நான் கொடுத்ததாக இருக்கவேண்டும். பாஸ்போர்ட்டை வாங்கி முத்திரைகளைப் பார்த்தார்கள். பத்திரம் எழுதிய நாளில் நான் இந்தியாவிலேயே இல்லை. வக்கீல் நோட்டீஸுக்கு அது போதும் என்று அன்றே பைனான்ஸ் கம்பெனிக்கு அனுப்பினார்கள்.

“எதுக்குக் குடுக்கோம்னு எழுதாம கையெழுத்துப் போட்ட தாளு, பாய், எதுக்கு வேணும்னாலும் போவும்.”

பதில் வந்த நாள்

காலேஜில் பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கியது. பதில் இல்லை. நஸ்ரின் போனில், “வாப்பா, அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்” என்றாள். என்னைத் தேற்றுவதற்குச் சொன்னாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இரண்டு நாள் மிச்சமிருக்கும்போது பைனான்ஸ் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது: சரிபார்ப்பதில் தவறு நேர்ந்துவிட்டதாம், பதிவை நீக்கிவிட்டார்களாம். திருத்திய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மேனேஜர் கடன் அனுமதிக் கடிதம் கொடுத்தார், காலேஜிலும் ஏற்றுக்கொண்டார்கள். டிராக்டரை ஓட்டிப்போனவன் யாரென்று இன்றுவரை தெரியாது. அவனிடம் என் வேறு தாள்கள் எத்தனை இருக்கின்றன என்பதும் தெரியாது.

போன வாரம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. ஆறேழு முறை அடித்த பிறகுதான் எடுத்தேன். ஒரு பெண்பிள்ளை, அதே பைனான்ஸ் கம்பெனி.

“சார், உங்க ரிப்போர்ட் ரொம்ப நல்லா இருக்கு. உடனே ஒரு லோன் தரலாம், வேணுமா சார்?”

கடன்காரன் ஆவதற்கு நான் ஊரில்கூட இருக்க வேண்டியிருக்கவில்லை. கடன்காரன் இல்லை என்று ஆவதற்குத்தான் ஒரு வக்கீலும், மூன்று மாதம் தொலைத்த தூக்கமும் தேவைப்பட்டன.