ஒரு 'இல்லை'க்காக ஜெபித்த நாட்கள்

வேலை போனதை நாங்கள் தாங்கிக்கொண்டோம். புதிய வேலை 'அடுத்த திங்கட்கிழமை' என்று சொல்லப்பட்டதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

2008-ஆம் ஆண்டு தீபாவளி முடிந்த கையோடு என் கணவர் வேலை பார்த்த ஏற்றுமதி பனியன் கம்பெனி மூடப்பட்டது. அவர் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கி, அளவு வைத்து, ஒரு விரற்கடை வீணாகாமல் வெட்டுகிறவர். அமெரிக்காவில் வங்கிகள் சரிந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அது திருப்பூர் மண்ணரையில் உள்ள எங்கள் வாடகை வீட்டுக்குள் நுழையும் என்று நாங்கள் நினைக்கவில்லை. நுழைந்தது. ஆனாலும் பத்து நாளைக்குள் அனுப்பர்பாளையத்தில் ஒரு கம்பெனி அவரை அழைத்தது. வெட்டச் சொல்லிப் பார்த்து, பாராட்டி, "திங்கக்கெழம சொல்லி அனுப்பறோமுங்க மாஸ்டர்" என்று அனுப்பிவைத்தது. அன்று மாலை இரண்டு பெண் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஆண்டவரைத் துதித்தோம்.

அந்தத் திங்கட்கிழமை அழைப்பு வரவில்லை. போன் செய்தபோது, ஆர்டர் பேச்சு நடக்கிறது, அடுத்த திங்கள் என்றார்கள். அடுத்த திங்களும் அதே பதில். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் என் கணவர் ஒரு சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டுவார். திங்கள் முழுவதும் அது ஆணியிலேயே கிடக்கும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து பார்ப்பார். கைபேசியை எடுத்து சிக்னல் இருக்கிறதா என்று பார்ப்பார். சோற்றைப் பிசைந்துவிட்டு உண்ணாமல் எழுந்துவிடுவார். பிள்ளைகள் வீட்டுக்குள் கால் ஓசையில்லாமல் நடக்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஆலயத்து நண்பர் ஒருவர் பாத்திரப் பட்டறையில் பேக்கிங் வேலைக்கு அவரைக் கூப்பிட்டார். இவர் போகவில்லை. டிசம்பரில் ஒரு ஞாயிறு மதியம் அதைப் பற்றி நான் மெல்லக் கேட்டேன்.

"அங்க போயி உக்காந்தா, திங்கக்கெழம இவுங்க கூப்பிடும்போது என்ன செய்ய?" என்றார். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். கவலை வந்தால் அவருக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

"அப்ப நேர்ல போயிக் கேட்டுட்டு வாங்களேன். உண்டா, இல்லையான்னு."

"கேக்காம இருக்க வரைக்கும் இல்லன்னு ஆகாதுல்லா."

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

இனி என் பக்கத்துக் கதையைச் சொல்ல வேண்டும். அது என் பாவத்தின் கதை.

நான் மண்ணரையிலேயே வேறொரு பனியன் கம்பெனியில், ஆட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீஸில் இருந்தேன். வேலை கேட்டு வருகிறவர்களிடம் பேசுவது என் பொறுப்பு. கேட்டில் ஒரு பெரிய போர்டு தொங்கியது: 'டெய்லர்கள், செக்கிங் பெண்கள் உடனடியாகத் தேவை.' அந்த மாதங்களில் நாங்கள் ஒருவரையும் வேலைக்கு எடுக்கவில்லை. ஆனால் போர்டைக் கழற்றக் கூடாது என்பது உத்தரவு. திருப்பூரில் அதற்கு ஒரு காரணம் உண்டு. கேட்டில் போர்டு இல்லாத கம்பெனி படுத்துவிட்டது என்று ஊர் பேசும். நூல் மில்காரர் அடுத்த லோடு அனுப்ப யோசிப்பார். உள்ளே இருக்கிற டெய்லர்களும் வேறு கேட்டைத் தேடிப் போவார்கள். ஆகவே போர்டு தொங்கியது. அதைப் படித்துவிட்டு வந்தவர்களிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்: "திங்கட்கிழமை வந்து பாருங்க."

அனுப்பர்பாளையத்தில் என் கணவரிடம் அதையே சொன்னவரும் என்னைப் போன்ற ஒரு பக்குவமான ஆளாகத்தான் இருந்திருப்பார். அந்த எண்ணம் எனக்கு ஒரு நாளும் வரவில்லை.

விடியற்காலைகளில் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, ஒரு வாசலைத் திறவும்" என்று கேட்டேன். அந்த ஜெபத்தில் அமைதி இல்லை. பாதியில் எழுந்து அடுப்பைப் பார்த்தேன். ஆமென் என்று முடித்த இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கினேன். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தேன். மனம் மட்டும் தறியில் ஓடும் நாடாவைப் போல இங்கும் அங்கும் போய்க்கொண்டே இருந்தது.

தங்கமணி என்று ஒரு பெண். சாமளாபுரத்தில் விசைத்தறிகள் நின்றுபோனதால், தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் வேலை கேட்டு ஒவ்வொரு திங்கட்கிழமையும் பஸ்ஸில் வருவார். மூன்றாம் வாரம் அவர் என் மேசை முன் நின்று சொன்னார்:

"ஏனுங் மேடம், திங்கக்கெழம திங்கக்கெழமைங்கறீங்களே, அது எந்த மாசத்துத் திங்கக்கெழமைங்க? சொன்னீங்கன்னா கேலண்டர்ல சுழிச்சு வெச்சுக்குவேன்."

"பார்லிமெண்ட் எலெக்சன் முடிஞ்சு வர்ற திங்கக்கெழமக்கா" என்று வாட்ச்மேன் சிரித்தார். நானும் சிரித்தேன். இன்று அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

என் கணவரோடு நான் பேசிய அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் தங்கமணி ஐந்தாம் முறையாக வந்தார். அன்று கேலி இல்லை. பஸ் டிக்கெட்டை விரலில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"வெங்காயம் புடுங்கக் கூப்புட்டாங்க மேடம். பத்து நாள் வேலைங்க. திங்கக்கெழம கம்பெனியில கூப்புட்டா என்ன பண்றதுன்னு போகாம உட்டுட்டேன். இப்ப அந்தக் காட்டுல வேற ஆள் எறங்கிட்டாங்க."

முந்தின நாள் மதியம் என் வீட்டில் கேட்ட வாக்கியம், ஒரு நாள்கூடக் கழியாமல், என் மேசை முன்னால் நின்றது. என் கணவரை வீட்டுக்குள் கட்டிவைத்த கயிற்றை நானே இன்னொருவர் வீட்டில் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் கண்டேன்.

"இங்க வேலை இல்லீங்க தங்கமணி" என்றேன். "எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. போர்டை நம்பாதீங்க. வேற எது கிடைச்சாலும் போயிருங்க."

அவர் நன்றி சொல்லவில்லை. "இதச் சொல்றதுக்கு அஞ்சு வாரம் ஆச்சுங்களா உங்குளுக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

அன்று அவருக்குப் பின்னால் வந்த எல்லாரிடமும் அதையே சொன்னேன். மதியத்துக்குள் வாட்ச்மேன் மூலம் செய்தி உள்ளே போய்விட்டது. முதலாளி கூப்பிட்டார். அவர் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து, தானே மிஷினில் உட்கார்ந்து தைத்து, கம்பெனியை எழுப்பியவர். கோபத்திலும் மரியாதை குறையாது.

"என்னுங்க அம்மிணி, கேட்டுல நின்னு வேலையில்ல வேலையில்லன்னு டமாரம் அடிச்சீங்களாமா?"

"கேட்டவங்களுக்கு மட்டும் சொன்னேன் சார்."

"நூல் மில்லுக்காரருக்குக் காது கேக்காதுங்களா?" என்றவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "நான் வேணும்னேவா எடுக்காம இருக்கறேன்? ஆர்டர் குடுக்கற ஃபாரின் பையர் ஆபீஸ்ல ரெண்டு மாசமா நெக்ஸ்ட் வீக், நெக்ஸ்ட் வீக்குங்கறாங்க. டாலர் காலைல ஒரு வெல, சாயங்காலம் ஒரு வெல. எலெக்சன் வருது. எவரு வருவாங்க, என்ன வரி போடுவாங்க, ஏற்றுமதிக்குச் சலுகை இருக்குமான்னு ஒரு மண்ணும் தெரியல. இன்னிக்கு அம்பது பேர எடுத்துப்போட்டு ஆர்டர் இல்லைன்னா அவிங்க மூஞ்சில எப்படி முழிக்கறது? எடுக்காம இருந்து ஆர்டர் வந்துட்டா ஆளுக்கு எங்க போறது? அதுக்குத்தானுங்க, திங்கக்கெழமைன்னு சொல்லிப் புடிச்சு வெச்சிருங்கன்னேன்."

அவர் பக்கத்து நியாயத்தை நான் அன்றும் மறுக்கவில்லை, இன்றும் மறுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். "பையர் நெக்ஸ்ட் வீக்னு சொல்றப்ப உங்களுக்கு எப்படி சார் இருக்கு?"

அவர் ஜன்னலோரம் போய் நின்றார். "இல்லைன்னாலும் சொல்லித் தொலைக்கலாமுங்க. வடநாட்டு யாவாரிங்க உள்ளூர் பனியனுக்குக் கேட்டுட்டே இருக்கறாங்க. இவிங்களுக்காக அதையும் தள்ளித் தள்ளி..." திரும்பி வந்து உட்கார்ந்தார். "சரி, நீங்க போங்க. உங்க விசயத்தத் திங்கக்கெழம பேசிக்கலாம்" என்றார். தான் சொன்னது தனக்கே கேட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆக, என் வேலையும் தொங்கியது. வீட்டில் அப்போது சம்பளம் வந்தது எனக்கு மட்டும்தான். அந்த வாரம் வருகைப் பதிவேட்டில் ஒரே பெயரை இரண்டு முறை எழுதினேன். முதலாளி அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் எழுதுவதை விட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

அந்த வாரத்தில்தான் என் ஜெபம் மாறியது. யார் யாரைப் பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேனோ, நினைவுக்கு வந்த பெயர்களையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வேலை தாரும் என்று கேட்பதை நிறுத்தினேன். "ஆண்டவரே, உண்மையான பதிலைத் தாரும். அது 'இல்லை' என்றாலும், அதை வாங்கிக்கொள்ளப் பலம் தாரும்" என்று கேட்டேன். பிறகு கணவரிடம் நடந்தது முழுவதையும் சொன்னேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை.

"பாவம், அந்தப் பிள்ள அஞ்சு வாரம் பஸ்ஸேறி வந்துருக்கு" என்றார்.

புதன்கிழமை காலை அவர் ஆணியிலிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "போயிக் கேட்டுட்டு வந்துருதேன்" என்றார். நான் டைம் ஆபீஸில் வருகைப் பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு, கண் திறந்தபடியே ஜெபித்தேன். பதினொரு மணி தாண்டிக் கைபேசி ஒலித்தது.

"இல்லன்னுட்டாவ."

நான் பதிவேட்டை மூடினேன்.

"மே மாசம் வரைக்கும் யாரையும் எடுக்கப் போறதில்லையாம். அன்னைக்கு திங்கக்கெழமன்னு சொன்னவருகிட்டயே நேரடியாக் கேட்டேன், நேரடியாச் சொல்லிட்டாரு. நல்ல மனுசந்தான். டீ வாங்கித் தந்தாரு. 'நீங்க முன்னாலயே வந்து கேட்டுருக்கக் கூடாதா மாஸ்டர், நானா சொல்ல வாய் வரல'ன்னாரு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நான் இப்படியே பட்டறைக்குப் போறேன். நாளைக்குன்னு தள்ளாண்டாம்."

பட்டறையில் அவருக்கு இடம் இருந்தது. மாஸ்டராக நின்ற மனிதர் அன்று மாலை வரை குடங்களுக்கு வைக்கோல் வைத்துக் கட்டினார். வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சின்னவளிடம், "என்ன, பூனை மாதிரி நடக்கே?" என்று கேட்டார். அவள் அதைக் கேட்டு வீடு அதிர ஓடினாள். ஏழு வாரங்களாக நான் தேடிய சமாதானம் அந்தச் சத்தத்தில் வந்தது.

திங்கட்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவரும் பையர் ஆபீஸுக்குப் போன் போட்டு, உண்டா இல்லையா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லிவிட்டார்கள். போர்டை அன்று காலை அவரே கழற்றச் சொன்னார். அவர் பயந்தபடியே நூல் மில்லிலிருந்து போன் வந்தது. "ஏற்றுமதிக்கு ஆள் எடுக்கலீங்க, உள்ளூர் பனியன் போடறேன்" என்று அவர் சொன்னதை நான் எதிரில் நின்று கேட்டேன். பிறகு என்னிடம் திரும்பினார்.

"செக்கிங்குக்கு எட்டுப் பேரு, மூணு மாசத்துக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாததையும் சேர்த்துச் சொல்லியே எடுங்க." என் வேலையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். கேட்டேன். "நீங்க இல்லாம எட்டுப் பேர எவரு எடுக்கறது?" என்றார்.

அன்று மாலையே சாமளாபுரத்துக்குப் பஸ் ஏறினேன். தங்கமணி குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தார். மூன்று மாதம்தான் என்பதைச் சொல்லி, நாளைக்கே வரலாம் என்றேன்.

"நாளைக்குச் செவ்வாக்கெழமைங்களா? அப்பச் சரிங்க. திங்கக்கெழமைன்னு சொல்லியிருந்தீங்கன்னா வந்திருக்க மாட்டேன்" என்றார். வந்தார். மூன்று மாதம் முடிந்ததும் மனக்குறை இல்லாமல் போனார்.

என் கணவருக்குக் கட்டிங் வேலை தேர்தல் முடிந்து பல வாரங்கள் கழித்து, வேறொரு சிறிய கம்பெனியில் கிடைத்தது. அதுவரை பட்டறைதான் எங்களுக்குச் சோறு போட்டது. நான் அந்த டைம் ஆபீஸில் இருந்த கடைசி நாள் வரை, இல்லாத வேலையை ஒருவருக்கும் இருக்கிறது என்று சொல்லவில்லை. இல்லை என்று சொல்லி, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, வேறு எங்கே கேட்கலாம் என்று தெரிந்தால் சொல்லி அனுப்பினேன்.

அன்பானவர்களே, ஆண்டவர் எனக்குக் கேட்டதைக் கொடுத்தார் என்று சாட்சி சொல்ல வரவில்லை. நான் கேட்கப் பயந்ததைக் கொடுத்தார், அதனால் பிழைத்தோம் என்று சொல்ல வந்தேன். டாலரும் தேர்தலும் நம் கையில் இல்லை. நம் முதலாளிகளின் கையிலும் இல்லை. ஆனால் அடைத்த கதவு இது என்று உண்மையாகக் காட்டித் தருகிற தேவன் நமக்கு இருக்கிறார். உங்களில் யாராவது ஒரு பதிலுக்குப் பயந்து, ஒரு கேள்வியைக் கேட்காமல் வைத்திருந்தால், நாளைக் காலை போய்க் கேளுங்கள். தனியாகப் போகிறோமே என்று கலங்க வேண்டாம். அந்தப் புதன்கிழமை அனுப்பர்பாளையம் பஸ்ஸில் என் கணவர் தனியாகப் போகவில்லை.