நுனி சிவந்த ரஸ்க்

ஊர்க்காவலண்ணன் தீக்குச்சி உரசி நான் பார்த்ததே இல்லை. இருபத்தொன்பது வருசமாகத் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சிக்கு மருந்து முக்குகிற மனுசர் அவர். வீட்டில் விளக்கேற்றுவதும் அடுப்புப் பற்றவைப்பதும் அவர் சம்சாரம் பாண்டிச்செல்வி மதினிதான். கேட்டால், "நாள் பூராம் அதோடதான சிஸ்டர் கெடக்கேன், வீட்டுக்கு வந்தும் அதையா தொடணும்?" என்பார். வெந்நீர்கூட வைக்கத் தெரியாத அந்த மனுசர் போன தை மாசம் இத்தாலிக்காரன் பலகாரம் ஒன்றைச் செய்யக் கிளம்பினார். அதுவும் என் வீட்டு மேசையில், என் ஃபிரிட்ஜை நம்பி.

நான் பெர்சிஸ். ஆமத்தூரில் அவர்களுக்கு அடுத்த வீடு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருப்பதால் ஊரே என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், கோபம் அதைவிட அதிகம். ஊசியைப் பார்த்து மிரளுகிற மீசைக்காரர்களைத் திட்டியே பேர் வாங்கியவள். ஆனால் ஊர்க்காவலண்ணனை மட்டும் மனசாரத் திட்ட வராது. என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுச் சிரிப்பார்.

அவருடைய அப்பா காட்டு வேலைக்குப் போனவர். இவர் பதினேழு வயசில் கம்பெனிக்குள் நுழைந்தார். பொம்பளைகள் மரச் சட்டத்தில் ஆயிரக்கணக்கான குச்சிகளை வரிசையாக அடுக்கித் தருவார்கள். இவர் அந்தச் சட்டத்தைக் கவிழ்த்து மருந்துத் தட்டில் ஒரே ஒரு அழுத்து அழுத்தி எடுப்பார். நுனி மட்டும் சிவக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் குச்சி மொட்டையாகிவிடும், கூடினால் ஒன்றோடொன்று ஒட்டி லோடே பாழாகிவிடும். "ஒண்ணு" என்று வாய்க்குள் சொல்லுவார், அந்த ஒண்ணு முடிவதற்குள் கை மேலே வந்துவிடும். டீக்கடையில் யார் பெட்டியை வைத்திருந்தாலும் திறந்து குச்சித் தலையைப் பார்த்து, "இது நம்ம கை இல்ல" என்றோ, "இது நம்மதுதான்" என்றோ சொல்லிவிடுவார். அதில் அவருக்கு அம்புட்டுப் பெருமை.

அந்த மருந்தில் வச்சிரப் பசையும் கந்தகமும் கிடக்கும். அந்த வாடை நகக்கண்ணில் ஏறி உட்கார்ந்துகொண்டால் லேசில் இறங்காது. எங்களுக்கு அது பழகிப்போன வாடை. பேருந்தில் பாதிப் பேர் மேல் அதுதான் அடிக்கும்.

ஓவியாவுக்கும் பழகியதுதான், உண்டாகிற வரைக்கும். ஓவியா அவர்களுடைய ஒரே மகள். பெங்களூரில் கம்பெனி வேலை, புருசன் செழியனுக்கும் அங்கேதான். ரெண்டாம் மாசத்தில் தொடங்கிய வாந்தி நிற்கவில்லை என்று அவளைத் தாய்வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். வந்த அன்றைக்கு ஊர்க்காவலண்ணன் வேலை முடிந்து ஓட்டமாக ஓடிவந்து மகள் தலையைத் தடவினார். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாசலுக்கு ஓடி, குடல் வெளியே வருகிற மாதிரி எடுத்தாள். அவர் எலுமிச்சம்பழம் தேய்த்தார், சீயக்காய் போட்டார், ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தார். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் வந்தாலே அவளுக்குக் குமட்டியது.

அதிலிருந்து அவர் சாப்பாடு வாசலில், படுக்கை மாடியில். மகளோடு பேச வேண்டுமென்றால் ஜன்னலுக்கு வெளியே நாலடி தள்ளி நின்று பேசுவார். ஏழு வாரம் அப்படி ஓடியது. ஓவியா அதை நினைத்து அழுவாள், அழுதால் மறுபடியும் வாந்தி. அவளுக்கு எடையும் ஏறவில்லை. இது பிள்ளைத்தாச்சிக்கு வருகிறதுதான், தானாகப் போய்விடும் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். சொன்னவளுக்கே அவர் வாசலில் உட்கார்ந்து சோற்றைப் பிசைவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை எடை பார்க்கப் போனபோது கேட்டேன், "ஏட்டீ, எதுதான் உனக்கு எறங்கும்? வாயத் தொறந்து சொல்லு."

"சொன்னா சிரிப்பீக அத்தை. ஸ்ட்ராபெரி டிராமிசு. இத்தாலிக்காரன் இனிப்பு. பெங்களூர்ல ஆபீசுக்குக் கீழ ஒரு கடையில சாப்பிட்டேன். சில்லுன்னு, மெத்துன்னு. அத நெனச்சா மட்டும்தான் வாயில எச்சி ஊறுது."

நான் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நாலடி தள்ளி நின்றவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் வாசலில் சத்தம். "சிஸ்டர், இருக்கீகளா?" எண்ணெய் தேய்த்து வாரிய தலை, மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு பை. பைக்குள் நாலு டப்பா ஸ்ட்ராபெரி. கம்பெனிக்கு ரெண்டு நாள் லீவு போட்டு மதுரைக்குப் போய், கொடைக்கானல் பழம் விற்கிற கடையைத் தேடிப் பிடித்து வாங்கி வந்திருக்கிறார். பேருந்தில் நசுங்கிவிடுமென்று மடியிலேயே வைத்திருந்தாராம்.

"அந்தச் செவப்புப் பலகாரத்த நானே செய்யணும் சிஸ்டர். எங் கையால செஞ்சத எம் பிள்ள திங்கணும். ஆனா நாஞ் செஞ்சேன்னு சொல்லக் கூடாது. சொன்னா வாடையடிக்கும்னு தொட மாட்டா. நீங்க செஞ்சதாச் சொல்லுங்க."

எனக்குச் சமையல் வராது என்பது தெருவுக்கே தெரியும். அது அவசரத்தில் அவருக்கு நினைவில்லை. எனக்கும்தான் நினைவில்லை, ஏனென்றால் அதற்குள் எனக்கும் ஒரு வேகம் வந்துவிட்டது.

செல்போனில் தேடிப் பார்த்தோம். அசல் பலகாரத்தில் காப்பி, பச்சை முட்டை, மது எல்லாம் உண்டு. பிள்ளைத்தாச்சிக்கு அது ஆகவே ஆகாது என்று முதலிலேயே அடித்துச் சொல்லிவிட்டேன். ஸ்ட்ராபெரி போட்டுச் செய்வதில் அந்த வம்பு இல்லை. பழச்சாற்றில் பிஸ்கட்டை முக்கி அடுக்கி, மேலே கிரீம், மறுபடியும் பிஸ்கட், மறுபடியும் கிரீம், அப்புறம் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டியது.

"அடுப்பு?" என்றார்.

"அடுப்பே வேண்டாம்ணே. தீயே இல்லாத பலகாரம்."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அப்ப இது எனக்குன்னே செஞ்சு வச்சது சிஸ்டர்" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

விருதுநகரில் பேக்கரி வைத்திருக்கும் என் தம்பி இன்பராஜைக் கூப்பிட்டேன். அதற்கென்று இருக்கிற விரல் நீளப் பிஸ்கட் அவனிடம் இல்லை. நீள ரஸ்க் ரெண்டு பாக்கெட்டும், ஐஸ் பெட்டிக்குள் வைத்து அடித்த கிரீமும் கொடுத்துவிட்டான். இத்தாலிப் பாலாடைக்கட்டிக்கு எங்கே போக? புளிக்காத தயிரைத் துணியில் கட்டி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜுக்குள் தண்ணீர் வடிய வைத்தேன். காலையில் அது வெண்ணெய் மாதிரித் திரண்டிருந்தது.

சனிக்கிழமை எனக்கு டூட்டி. பழத்தைச் சர்க்கரையோடு மசித்துச் சாறு எடுக்கவும், ரஸ்க்கை முக்கவும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். "முக்கத் தெரியுமில்லண்ணே?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். இருபத்தொன்பது வருசம் முக்கிய மனுசர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மத்தியானம் திரும்பி வந்து கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மேசை மேல் தட்டு வைக்கிற கம்பி ஸ்டாண்டு ரெண்டு. அதன் இடுக்குகளில் முப்பது ரஸ்க் வரிசை பிசகாமல் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றின் நுனியும் அரை அங்குலத்துக்கு மட்டும் சிவந்திருந்தது. கீழே ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"ஏண்ணே, என்ன கூத்து இது?"

"காயுது சிஸ்டர். இன்னும் அரை மணி நேரத்துல அடுக்கிரலாம்."

"எதுக்குக் காயணும்? முழுக்க ஊறணும்ணே! நுனி மட்டும் நனஞ்சா மிச்சம் கல்லு மாதிரி கெடக்கும்ல!"

"முழுக்கவா?" அவர் உண்மையிலேயே பதறிப்போனார். "முழுக்க முக்குனா லோடே வேஸ்ட்டால்ல போயிரும்?"

நான் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் சிரித்தார், கொஞ்சம் வெட்கத்தோடு. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பாத்திரத்தைப் பார்த்தோம். நுனிக்கு மட்டுந்தானே செலவானது! சாறு அப்படியே இருந்தது. ரஸ்க்கும் இன்னொரு பாக்கெட் இருந்தது. நின்ற முப்பதையும் எறிந்துவிடச் சொன்னேன்.

ரெண்டாம் ஆட்டம் தொடங்கியது. அவர் கை முதலில் கேட்கவில்லை. ரஸ்க்கை இறக்குவார், "ஒண்ணு" என்பார், கை தானாக மேலே வந்துவிடும். "படுக்கப் போடுங்கண்ணே, ரெண்டுன்னு சொல்லிட்டு எடுங்க" என்று நான் கத்தினேன். நாலாவது ரஸ்க்கில் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் கை போன வேகத்துக்கு என் கண் போகவில்லை. கண்ணாடித் தட்டில் இடைவெளி விடாமல், ஒன்று கூட முறியாமல் அடுக்கினார். தயிரையும் கிரீமையும் மரக்கரண்டியால் சத்தமில்லாமல் சேர்த்தார், கம்பெனியில் உரசினால் பற்றிக்கொள்கிற மருந்தைக் கலக்கிய பழக்கம். ஒரு தடவைகூடத் தட்டவில்லை, உரசவில்லை. கிரீம் காற்றுப் போகாமல் பஞ்சாக நின்றது.

கிரீமில் படாதபடி உயரமான மூடி போட்டுத் தட்டை ஃபிரிட்ஜில் வைத்தோம். "எம்புட்டு நேரம்?" என்றார். ராத்திரி முழுக்க என்றேன். அரை மணிக்கு ஒரு தடவை வந்து, "இறுகிருச்சா சிஸ்டர்?" என்று கேட்டார். "தொறந்து தொறந்து பாத்தா எப்படிண்ணே இறுகும்?" என்று விரட்டிவிட்டேன். விரட்டிவிட்டு நானே ஒரு தடவை திறந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மறுபடியும் வந்தார். நீங்களே ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள் என்று சேலையைச் சொருகிக்கொண்டே சொல்லிவிட்டேன். ஆராதனையில் பாதிரியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்காதீர்கள். என் நினைப்பெல்லாம் ஃபிரிட்ஜில் இருந்தது.

வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பேசின். பாண்டிச்செல்வி மதினி கரண்டியோடு நின்றார். ஊர்க்காவலண்ணன் ஜன்னலுக்கு வெளியே, தன்னுடைய நாலடியில் நின்றுகொண்டிருந்தார்.

"இந்தாட்டீ, நீ கேட்டது. நாந்தான் செஞ்சேன்."

"நீங்களா? உங்க உப்புமாவ உங்க தம்பியே திங்க மாட்டாகளே அத்தை!"

"வாயாடாத" என்று மூடியைத் திறந்தேன். திறந்தவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. வெள்ளைக் கிரீம் மேல் நேற்றைய ரஸ்க் முப்பதும் நின்றன. ஒரே உயரம், ஒரே இடைவெளி, நுனி சிவந்த ஆறு வரிசை. எறிந்துவிடச் சொன்னதை அவர் டப்பாவில் எடுத்து வைத்து, காலையில் வந்து நட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ஓவியா தட்டையே பார்த்தாள். ஒரு ரஸ்க்கை உருவி நுனியைக் கண் கிட்டே கொண்டுபோனாள். டீக்கடையில் அவள் அப்பா பார்ப்பாரே, அதே பார்வை.

"இது எங்கப்பா கை" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே இருந்து குரல் மட்டும் வந்தது. "அழகுக்கு வச்சேன் தாயி. தூரப் போட மனசு வரல. கையெல்லாம் நல்லாக் கழுவிட்டுத்தான் செஞ்சேன்."

"உள்ள வாங்கப்பா."

"வேணாம் தாயி. உனக்கு ஒத்துக்காது. நீ சாப்பிடு, நான் இங்கன நின்னு பாத்துக்கிடுதேன்."

"வாங்கன்னா வாங்க!"

வந்தார். ஏழு வாரத்துக்கு அப்புறம் அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டி வந்தவர், கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். ஓவியா அந்தக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து முகர்ந்து பார்த்தாள். நான் பேசினை நீட்டினேன்.

"இன்னும் கந்தகம் அடிக்குதுப்பா" என்றாள். அவர் கையை உருவப் பார்த்தார். அவள் விடவில்லை. "அடிக்கட்டும். நீங்களே ஊட்டி விடுங்க."

அவர் கரண்டியை எடுத்தார். முப்பது ரஸ்க்கை ஒரு சொட்டுச் சிந்தாமல் முக்கிய கை, கிரீமைப் படுக்கையில் சிந்தியது. முதல் வாய் உள்ளே போனது. மதினி முந்தானையைக் கடித்துக்கொண்டார். நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, ரெண்டு, பத்து, இருபது. ஓவியா கண்ணை மூடி விழுங்கினாள். அப்புறம் சிவந்த நுனி ரஸ்க்கை நறுக்கென்று கடித்தாள்.

"நம்ம லோடு நல்லாருக்குப்பா" என்று வாயைத் திறந்து காட்டினாள், அடுத்த கரண்டிக்கு.

நான் பேசினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊர் மிரளுகிற சிஸ்டர் அழுவதை யாரும் பார்க்க வேண்டாம் பாருங்கள்.

தட்டில் பாதி காலியானதும் மதினி சோறு போட்டார். வழக்கம்போல வட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குக் கிளம்பினார் ஊர்க்காவலண்ணன். ஓவியா அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.