இரைச்சலும் ஒரு வாளித் தண்ணீரும்

சென்ற வெள்ளிக்கிழமை நயினாதீவிலிருந்து திரும்பும் படகில், என் மனைவியை நானே கொன்றுவிட்டேனோ என்று நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதலில் மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்திரிகைப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு என் பைத்தியங்கள் பழக்கம்தான். கமரா வந்தது, போனது. தேனீ வளர்ப்பு வந்தது, கொட்டிவிட்டுப் போனது. இரண்டு வருடமாக மாடுலர் சிந்தசைசர். ஒலி உண்டாக்கும் சின்னச் சின்னப் பகுதிகள் — ஒன்று சுருதி கொடுக்கும், ஒன்று அதை வடிகட்டும், ஒன்று கூட்டிக் குறைக்கும். வயர்களை மாற்றி மாற்றிச் செருகினால் புதுப்புது ஓசை வரும். கடையில் வாங்கியதல்ல. சரவணைக் கிராமத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்து நானே சோல்டர் பிடித்துச் செய்தது. அலுமாரி உயரத்துக்கு வளர்ந்துவிட்டது.

என் மனைவி வதனி மகளைப் பார்க்க வவுனியாவுக்குப் போன நாலாம் நாள், அதில் ஓர் இரைச்சல் தொடங்கியது. அடித்தொண்டையில் யாரோ உறுமுவது போல... நான் என்ன வாசித்தாலும் அடியில் அது ஓடிக்கொண்டே இருந்தது.

சாப்பாட்டில் ஒரு கல் அகப்பட்டால் அடுத்த வாய் எப்படி இறங்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேட்டைக்கு இறங்கினேன். கிரவுண்ட் வயர்கள் எல்லாவற்றையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தேன். மெல்லிய வயர்களைக் கழற்றித் தடித்தவை போட்டேன். சாதாரண கேபிளை எடுத்துவிட்டு உறை போட்ட கேபிள் மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் குறைந்தது. போகவில்லை.

ஒரு வேடிக்கை. முன் தகட்டில் கையை வைத்தால் இரைச்சல் அடங்கும். எடுத்தால் திரும்ப வரும். கசியும் மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கும் எர்த் வயர் செய்யவேண்டிய வேலையை என் உடம்பு செய்கிறது என்பது அப்போதே விளங்கியிருக்க வேண்டாமா? விளங்கவில்லை. நாமெல்லாம் பிழையை நமக்குத் தெரிந்த இடத்தில்தான் தேடுகிறோம். எனக்குத் தெரிந்தது அந்தப் பெட்டிக்குள் இருந்தது மட்டும்.

வியாழக்கிழமை பொறுமை போய்விட்டது. மூன்று முள் பிளக்கைத் திறந்து, எர்த் வயரைக் கழற்றிவிட்டேன். அம்ப்ளிஃபயருக்கும் மெஷினுக்கும் இடையில் எர்த் சுற்றிக்கொண்டு வந்தால் இரைச்சல் வரும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். அப்படிச் செய்யவே கூடாது என்று இன்னும் பத்துப் பேர் எழுதியிருந்தார்கள். அந்தப் பத்துப் பேரையும் நான் தாண்டிப் போனேன். ஒருநாளைக்குத்தானே, பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுவிடலாம்...

இரைச்சல் போய்விட்டது. எனக்கு வந்த பெருமையைச் சொல்ல ஏலாது. சுருதி நிலைக்க மெஷின் சூடாகவே இருக்கவேண்டும் என்பதால் அதை நிறுத்துவதும் இல்லை. அப்படியே விட்டுவிட்டு, அடுத்த நாள் காலை நயினாதீவில் ஒரு புது வீட்டுக் குடிபூரலுக்குப் புறப்பட்டேன்.

திரும்பும் படகு கிளம்பும்போது வதனியின் மெசேஜ் வந்தது. "வந்திட்டன். வீடு கழுவப்போறன்."

அவள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகத்தான் பேச்சு.

பயணம் போய் வந்தால் அவளுக்கு முதல் வேலை அதுதான். முன்னறைக்குத் தண்ணீர் ஊற்றுவாள். வெறுங்காலோடு நிற்பாள். பிறகு ஈரத் துணியால் கதிரை, அலுமாரி, என் மெஷின் என்று வரிசையாகத் துடைப்பாள். மெஷினின் முன் தகடு இரும்பு. உள்ளே மின்சாரம் வரும் வயர் ஒன்றை அவசரத்தில் டேப் சுற்றி விட்டிருந்தேன். டேப் சரியாக ஒட்டியதா? நினைவில்லை. அது கழன்று தகட்டில் பட்டால் காப்பாற்றுவதற்கென்று இருந்த எர்த் வயரையும் நானே கழற்றியிருக்கிறேன்.

அழைத்தேன். மணி போனது. எடுக்கவில்லை. போனைக் கைப்பைக்குள் போட்டு அறையில் வைத்திருப்பாள்.

பக்கத்து வீட்டைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுச் சிவம் அண்ணை குடும்பத்தோடு என் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். அவர்களும் அதே குடிபூரலுக்கு வந்தவர்கள்.

"என்ன தம்பி, வேர்த்துக் கொட்டுது. தலை சுத்துதோ?" என்றார்.

"ஓம் அண்ணை."

"கடல் இண்டைக்குக் குளம் மாதிரிக் கிடக்கு. இதுக்கேயோ?"

கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே, விழுந்துவிடும் என்று மனதைத் தேற்றினேன். அது வேலை செய்கிறதா என்று பட்டனை அழுத்திப் பார்த்து எத்தனை வருடம்? அதற்குப் பிறகு தேறவில்லை.

குறிகட்டுவானில் இறங்கி மோட்டார் சைக்கிளை எடுத்தேன். புங்குடுதீவைக் கடந்து, கடலுக்கு நடுவே போகும் அந்த நீண்ட தெருவில் ஒருமுறை நிறுத்தி அழைத்தேன். மணி போனது, போனது... இவ்வளவு பயம் எனக்கு என் வாழ்நாளில் வந்ததில்லை. அந்தச் சனியன் பிடித்த பெட்டியை அடித்து நொறுக்குவேன் என்று கடலைப் பார்த்துச் சத்தியம் செய்தேன்.

வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். முன்னறை முழுக்க ஈரம். மெஷினில் ஒரு விளக்கும் எரியவில்லை. முன் தகடு பளபளவென்று இருந்தது.

வதனி குசினியிலிருந்து தேத்தண்ணீரோடு வந்தாள். "ஏன் இப்பிடி ஓடியாறியள்?"

கதிரையில் விழுந்தேன். "மெஷினைத் துடைச்சனீரோ?"

"ஓம். பிளக்கைக் கழட்டிப்போட்டுத்தான் துடைச்சனான். அதிலை கரண்ட் கடிக்கிறது எனக்கு எப்பவோ தெரியும்."

"எப்ப கடிச்சது?"

"போன கோடையிலை. வயரிங் செய்தவரைக் கேட்டனான். எர்த் கம்பி நிலத்திலை இறக்கின இடம் காய்ஞ்சா அப்பிடித்தானாம். ஒரு முழத்துக்குக் கீழை கல்லுத்தானே. அண்டு தொடக்கம் நாளுக்கு ஒரு வாளி தண்ணி ஊத்துறனான். போகேக்கை உங்களிட்டையும் சொன்னனானே, கம்பியடிக்குத் தண்ணி ஊத்துங்கோ எண்டு. இதிலை இருந்துதான் தலையாட்டினீங்கள்."

தலையாட்டியிருப்பேன். ஹெட்போனுக்குள் வேறு எதற்கோ ஆட்டியிருப்பேன்.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கம்பியைச் சுற்றி நிலம் வெடித்துக் கிடந்தது. நிலத்துக்குள் இறங்க வழியில்லாத வீட்டுக் கசிவு மின்சாரம்தான் எர்த் வயரால் ஏறி மெஷினில் உறுமியிருக்கிறது. நாலு வாளி ஊற்றினேன். பிளக்கில் எர்த் வயரைத் திரும்பப் பூட்டி, டேப் சுற்றிய இடத்தைச் சோல்டர் பிடித்து உறை போட்டேன். ட்ரிப் சுவிட்ச் பட்டனையும் அழுத்தினேன். விழுந்தது. பிறகு மெஷினைப் போட்டு, ஹெட்போனை மாட்டினேன். நொறுக்கவில்லை, உண்மைதான். இரைச்சல் இல்லை.

அப்போது குசினிப் பக்கம் வதனியின் வாய் அசைவது தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றினேன்.

"என்ன சொன்னனீர்?"

"ஒண்டுமில்லை," என்றாள். "கேக்குதோ எண்டு பாத்தனான்."