குதித்துச் சொன்ன வாய்ப்பாடு

என் அண்ணன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். மூன்றாம் வகுப்பில் தவறிப்போய் இன்னொரு வருஷமும் அதே வகுப்பில் உட்கார்ந்ததால், தங்கையான நானும் அவனும் ஒரே வாத்தியாரிடம் படிக்கும்படி ஆயிற்று. முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம் ஒரு பழைய சத்திரத்தில் இருந்தது. கல் தூண்கள் நிறைந்த நீளமான கூடம். அதைத் தட்டி வைத்து மறைத்து ஐந்து வகுப்புகள் ஆக்கியிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. மழைக்காலத்தில் வௌவால் நாற்றமும் ஈரமும் சேர்ந்து மூச்சை அடைக்கும். எனக்கு ஐப்பசியில் தொடங்கும் இருமல் பங்குனி முடியும்வரை விடாது.

கூடத்துக்குப் பின்னால் வெயில் விழும் பெரிய முற்றம் ஒன்று இருந்தது. அதில் பள்ளிக்கூடத்தை நடத்திய மானேஜர் தன் மாடுகளுக்கு வேண்டிய வைக்கோலை அடுக்கி வைத்திருந்தார். ஒன்றுக்குப் போவதற்கு மட்டும் அந்தக் கதவைத் திறப்பார்கள். காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரும் நேரம் தவிர, மணி அடிக்கும்வரை அப்படியே இருக்க வேண்டும். கால் மரத்துப்போய் எழுந்திருக்கும்போது தடுமாறினால் அதற்கும் பிரம்படி உண்டு.

அண்ணனால் அப்படி உட்கார முடியாது. அவன் துஷ்டன் இல்லை. யாரையும் அடித்ததில்லை, பொய் சொன்னதில்லை. ஆனால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முழங்கால் ஆட ஆரம்பிக்கும், பிறகு தோள், பிறகு எழுந்து நின்றுவிடுவான். வாத்தியார் ஒரு கயிற்றால் அவன் காலைத் தூணோடு கட்டிவைப்பார். கட்டிவைத்த நாளில் அவன் சிலேட்டில் ஓர் எழுத்துகூட எழுதியதை நான் பார்த்ததில்லை. கண்ணை மேலே வௌவால்களின் மேல் வைத்திருப்பான். அன்றைக்கு ராத்திரி பாயை நனைப்பான். விடிந்ததும் அம்மா பாயைக் கொண்டுபோய் வெயிலில் போடுவாள்.

அப்பா ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவருக்கு எல்லாவற்றுக்கும் சீசாவில் மருந்து இருந்தது. என் இருமலுக்கு ஒன்று, அண்ணனுக்கு நரம்பு அடங்க ஒன்று. இரண்டுமே கசக்கும். இரண்டும் எதையும் மாற்றவில்லை.

அந்த வருஷம் இன்ஸ்பெக்டர் வந்து, பள்ளியில் டிரில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று குறை எழுதிவிட்டுப் போனார். அதற்காகத்தான் தை மாதம் டிரில் சாரைக் கொண்டுவந்தார்கள். ஒல்லியான ஆள். திருச்சியிலிருந்து தினமும் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வருவார். முதல் நாள் வைக்கோல் போரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஹெட்மாஸ்டரிடம் போய், "இங்க கைய நீட்டக்கூட இடமில்லீங்களே. பிள்ளைங்கள ஆத்துக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் எழுதியது நினைவில் இருந்ததால் ஹெட்மாஸ்டர் சரி என்றார்.

மாசி பிறந்தபோது காவேரியில் தண்ணீர் ஒரு ஓரமாக ஒதுங்கிவிட்டது. அம்மா மண்டபத்துப் படித்துறையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை மணல். காலையில் முதல் பாடத்துக்கு முன்னால் டிரில் சார் எங்களை அங்கே அழைத்துப்போவார். முதல் நாள் நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். எதற்கு வந்தோம் என்று தெரியவில்லை. "ஓடுங்க" என்றார். எங்கே என்று ஒரு பெண் கேட்டாள். "எங்கயாச்சும். மூச்சு வாங்கினா திரும்பி வாங்க."

அண்ணன் ஓடினான். அவன் சின்னப் புள்ளியாக ஆகும்வரை ஓடி, திரும்பி வந்து மணலில் விழுந்து சிரித்தான். பள்ளிக்கூட நேரத்தில் அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பிறகு பந்து, சடுகுடு, தாண்டுதல் எல்லாம் வந்தன. வாய்ப்பாட்டையும் டிரில் சார் அங்கேயே கொண்டுவந்தார். மணலில் கோடு கிழித்து, ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குக் குதிக்கும்போது ஒவ்வொரு வரியாகச் சொல்ல வேண்டும். ஓரேழ் ஏழு என்று ஒரு குதி, ஈரேழ் பதினாலு என்று அடுத்த குதி. இரண்டு வருஷமாக அண்ணன் வாயில் நுழையாத ஏழாம் வாய்ப்பாடு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. வீட்டில் சமையலறைக்கும் கிணற்றடிக்கும் நடுவில் குதித்துக்கொண்டே அம்மாவுக்குச் சொல்லிக் காட்டினான். அம்மா கையில் குடத்தோடு நின்று கேட்டாள்.

ஆற்றிலிருந்து திரும்பி வந்தபின் அவனால் உட்கார முடிந்தது. நாள் முழுக்க என்று சொல்ல மாட்டேன். மத்தியானம் வரைக்கும் முடிந்தது. கோணல் மாணலாக எழுதினான், ஆனால் எழுதினான். பாய் நனைவது நின்றது. இரண்டு பேரும் சோறு போதாது என்று கேட்டோம். என் இருமல்கூடச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. அப்பா தன் மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பங்குனியில் அது முடிந்துவிட்டது. காரணம் சடுகுடு. படித்துறைக்குக் குளிக்க வந்த பெரிய மனிதர்கள் சிலர் நாங்கள் ஆடுவதைப் பார்த்திருக்கிறார்கள். எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்கிறது என்பதையும், பெண் பிள்ளைகள் பாவாடையைச் செருகிக்கொண்டு ஓடுவதையும் பார்த்திருக்கிறார்கள். மானேஜரிடம் புகார் போயிற்று. மறுநாள் டிரில் சார் வரவில்லை. கேட்டதற்கு, "அவருக்கு வேற இடத்துல வேலை" என்று வாத்தியார் சொன்னார்.

சேதி கேட்டதும் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அவள் அங்கே வந்தது அந்த ஒரு தடவைதான். தூணுக்குப் பின்னால் நின்றபடி ஹெட்மாஸ்டரிடம் பேசினாள்.

"என் புள்ள ஓடினாத்தாங்க படிக்கிறான். அரை நாழி விட்டாக்கூடப் போதும். அந்த வைக்கோல நகத்திட்டு இங்கயே ஓடட்டுமே."

"நீங்க புள்ளையப் படிக்க அனுப்புறீங்களா, ஓட அனுப்புறீங்களாம்மா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் வருதுங்க அவனுக்கு."

"அப்படின்னா வீட்லயே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு சில நாள் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் முயன்றான் என்பதை நான் சொல்லியாக வேண்டும். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்காருவான். ஒரு நாள் வாத்தியார் ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். அண்ணன் எழுந்து நின்றான். "ஓரேழ் ஏழு" என்றான். அடுத்தது வரவில்லை. வாய் திறந்தபடி நின்றான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அப்போது அவன் குதித்தான். நின்ற இடத்திலேயே, இரண்டு காலையும் சேர்த்து. "ஈரேழ் பதினாலு." இன்னொரு குதி. "மூவேழ் இருபத்தொண்ணு." வகுப்பே சிரித்தது. தட்டிக்கு அந்தப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். அவன் யாரையும் கவனிக்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், வழி கிடைத்துவிட்டது போல. "நாலேழ் இருபத்தெட்டு" என்று சொல்லிக் கால் தரையில் படுவதற்குள் வாத்தியார் வந்து இடது கன்னத்தில் அறைந்தார். கன்னம் என்று சொன்னேன். கை காதில்தான் விழுந்தது.

"கேலியா பண்ற? குரங்கு மாதிரி குதிச்சுக் காட்டுறியா?"

அவன் அழவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, காதில் தண்ணீர் போனால் உதறுவது மாதிரி உதறினான். வீட்டுக்குப் போகும் வழியில், "உள்ளே மணி அடிச்சுக்கிட்டே இருக்கு" என்றான்.

காதிலிருந்து முதலில் கொஞ்சம் ரத்தம் வந்தது, பிறகு சீழ் வந்தது. அப்பா எண்ணெயைக் காய்ச்சி விட்டார், ஆஸ்பத்திரியிலிருந்து சொட்டு மருந்து கொண்டுவந்தார். சித்திரை வெயிலில் காய்ச்சல் ஏறியது. காதுக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் போல வீங்கிவிட்டது. திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜட்காவில் கொண்டுபோய் அங்கே கீறினார்கள். அப்பாவுக்குத் தெரிந்த டாக்டர்தான். உயிர் தங்கினால் பெரிய காரியம் என்று அவர் அப்பாவிடம் சொன்னதை அப்பா வாழ்நாள் முழுக்க அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம் ஒரு முறை சொன்னார்.

உயிர் தங்கியது. இடது காது போய்விட்டது. அந்தக் காய்ச்சலின் பாதிப்பில் வலது காதும் மெல்ல மெல்ல மங்கி, மறு வருஷம் பள்ளி திறக்கும் நேரத்தில் கூப்பிட்டால் திரும்ப மாட்டான் என்ற நிலை வந்தது. பள்ளிக்கூடத்தில் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வாத்தியாரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாகூட, "வாத்தியார் அடிக்காம யார் அடிப்பாங்க?" என்றுதான் வந்தவர்களிடம் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் சரியாக இருக்காது. வாத்தியாரை நான் ராட்சசனாகச் சொல்ல மாட்டேன். அவரும் விடிந்ததிலிருந்து அந்த இருட்டுக் கூடத்தில்தான் நின்றார். அவருக்குத் தெரிந்த பள்ளிக்கூடம் அது ஒன்றுதான்.

நான் தொடர்ந்து படித்தேன். ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்த வருஷம், அங்கே உடுத்த வேண்டிய வெள்ளைப் புடவை எடுக்க அம்மாவோடு திருச்சியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். கஜக்கோலால் துணி அளந்துகொண்டிருந்தவர் டிரில் சார். தலை நரைத்திருந்தது. எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. ஆற்று மணலையும் அண்ணன் ஓடியதையும் சொன்னதும் முதலில் அவனைத்தான் கேட்டார்.

"அந்தப் பையன் உங்க அண்ணனாம்மா? குதிரைக்குட்டி மாதிரி ஓடுவானே! இப்ப காலேஜ்லயா?"

அம்மா என் கையைப் பிடித்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். குதித்ததையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று பிறகு யோசித்திருக்கிறேன். அவர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நான்தானம்மா குதிக்கச் சொல்லிக்கொடுத்தேன்" என்றார்.

அதற்கு அம்மாதான் பதில் சொன்னாள். "நீங்க சொல்லிக்கொடுத்த அந்த ரெண்டு மாசந்தாங்க அவன் நல்லா இருந்தான்."

யுத்த காலத்தில் எனக்குத் திருச்சியில் ஒரு பெண்கள் ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்தது. பள்ளிக்கு மைதானம் இருந்தது; நான் சேர்ந்த கொஞ்ச நாளில் குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள அதில் பதுங்குகுழி வெட்டிவிட்டார்கள். குண்டு விழவில்லை. குழியில் மழைத் தண்ணீர் நின்று கொசு வந்தது, மலேரியா வந்தது. ஓட இடமில்லாத பிள்ளைகள் மத்தியானத்துக்கு மேல் சுவரில் சாய்ந்து தூங்கினார்கள். சோற்றுக்கே பஞ்சமான நேரம், அதில் ஓட வேறு வேண்டுமா என்று தலைமை ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்விதான். பசித்த பிள்ளையை ஓடவிட எனக்கும் பயம். ஆனாலும் காலையில் வெயில் ஏறும் முன் கேட்டுக்கு வெளியே, சந்துக்குள், கட்டம் கிழித்துப் பாண்டி ஆடவிட்டேன், கைகோத்துச் சுற்றவிட்டேன். மயங்கி விழுந்துவிடும் போலிருந்தவர்களை உட்காரவைத்து எண்ணச் சொன்னேன். சில வீடுகளில் பெண் பிள்ளை தெருவில் ஆடுவதா என்று அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண்களில் பலரை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. வந்தவர்கள் முதல் பாடத்தில் கண் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் கண்டது அவ்வளவுதான்.

அண்ணன் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான். காது கேட்காதவனுக்கு வண்டி வருவது தெரியாது என்பதால் உள்ளே குடோனில்தான் வேலை. ஒரு நாள் காலை, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்ல என் பள்ளிக்கு வந்திருக்கிறான். பிள்ளைகள் சந்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவன் ஓரமாக நின்று பார்த்திருக்கிறான். முண்டாசும் அழுக்கு வேட்டியுமாக ஆள் நிற்பதைப் பார்த்த பியூன், "யாருய்யா அது? போ, போ அந்தப் பக்கம்" என்று கத்தினார். அண்ணன் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பியூன் வந்து தோளைப் பிடித்துத் தள்ளினார். அண்ணன் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தான். இன்னும் கிட்டே வந்து பார்க்கச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டான்.

நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சவருங்களா டீச்சர்?"

"எங்க அண்ணன்" என்றேன்.

பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவர்களை உள்ளே போகச் சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்க்க நானும் அண்ணனும் வீட்டுக்கு நடந்தோம்.