கமேலியாவுக்கு எப்போது கத்தரி வைப்பது

1. மட்டமான செடி

லீவு முடிந்து மலை ஏறிய அன்று, பங்களா வாசலில் சிவப்பாகப் பூக்கும் கமேலியாச் செடி இல்லை. இடுப்பளவில் மட்டமாக வெட்டிய குச்சிகள்தான் நின்றன. மண்ணில் பட்டாணி பருமனில் மொட்டுகள் கிடந்தன.

சின்னமனூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பங்களாத் தோட்டக்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தேயிலையை மட்டமாக வெட்டிவிடும் கவாத்து வேலைக்கு மேஸ்திரியாக இருந்தவரிடம் போய்க் கேட்டேன்.

"தொரைதான் பங்களா வேலியையும் சேத்து வெட்டச் சொன்னாக. வேலியோட நின்ன இதுவும் தேயிலை இனந்தானப்பா. அதான் அதே மட்டத்துக்கு வெட்டி விட்டேன்" என்றார்.

இனம் ஒன்றுதான். ஆனால் தேயிலையில் நமக்கு வேண்டியது கொழுந்து, கமேலியாவில் பூ. மழைக்காலத்திலேயே மொட்டுக் கட்டிவிடும். அதன்பிறகு கத்தி வைத்தால் அந்த வருடப் பூவுக்கே வைத்த மாதிரி.

2. தப்பிய கிளை

துரை என்பது மேனேஜர். அவர் மனைவி, பிள்ளைகள் படிப்புக்காகத் தேனிக்குப் போனவர், ஒரு வருடத்துக்கு மேலாக மலைக்கு வரவில்லை. "கிறிஸ்துமஸுக்கு அந்தச் செவப்புப் பூ பூக்கட்டும், வாரேன்னு சொல்லியிருக்கா" என்று துரை என்னிடம் சொல்லியிருந்தார். நானும் மனைவியை இழந்தவன், மகன் திருப்பூரில். அவர் முன்கட்டில் தனி, நான் பின்கட்டில் தனி. வேலையைத் தவிர எதையும் பேசியதில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தார்.

"ஒண்ணுகூட மிஞ்சலையா?"

"செவரோரமா ஒரு கெளை தப்பியிருக்கு தொரை. நாலு மொட்டு நிக்கிது."

காற்றில் ஒடியாமல் அதற்கு முட்டுக் கொடுத்துக் காத்தேன். கிறிஸ்துமஸுக்கு நாலும் விரிந்தன. அந்தம்மா வரவில்லை. போனில் ஏதோ காரணம் சொன்னாராம்.

துரை செடி முன்னால் வெகுநேரம் நின்றார். "பூக்கல, அதான் வரலன்னு நெனச்சுக்கிரலாம்னு இருந்தேன். இது பூத்துத் தொலச்சிருச்சே" என்றார்.

பால் விடாத கட்டஞ்சாயா இரண்டு டம்ளர் போட்டு வந்தேன். அன்றுதான் ஒரே படியில் உட்கார்ந்து குடித்தோம்.

3. வெட்டும் முறை

அடுத்த வருடம் செடி தழைத்துப் பூத்து, மாசியில் பூ கொட்டியதும் துரையே கத்தரியைக் கேட்டு வாங்கினார். போன வருடத் துளிர் முடிந்த இடத்தில் கிளையைச் சுற்றி ஒரு தழும்பு இருக்கும். அதற்குச் சற்று மேலே, வெளிப்பக்கம் பார்த்த கணுவை விட்டு, சாய்வாக வெட்ட வேண்டும். உள்ளே பின்னிக்கொண்ட கிளைகளை எடுத்தால் வெளிச்சம் இறங்கும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. நன்றாகவே செய்தார்.

நான் ஓய்வு பெற்றுச் சின்னமனூருக்கு இறங்கிய பின்னும் ஒவ்வொரு மாசியிலும் போன் செய்வார். "பூவெல்லாம் கொட்டிருச்சு. வெட்டலாமா?" அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். "வெட்டலாம் தொரை" என்பேன். மகன் போன் எப்போதாவதுதான் வரும்; என்னைக் கூப்பிட வேறு யாருமில்லை.

இந்த வருடம் மாசி முடிந்தும் போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன்.

"பூ கொட்டிருச்சா தொரை?"

"எப்பவோ வெட்டியாச்சு. எல்லாந்தான் தெரிஞ்சிருச்சே, இனி என்ன கேட்டுக் கூப்புடுறதுன்னு இருந்துட்டேன்."

"சும்மா கூப்புடுங்க தொரை" என்றேன்.

பருவம் பார்க்க வேண்டியது கமேலியாவுக்குத்தான். மறுநாள் காலையிலேயே போன் அடித்தது.